வசவை அட்டையில் ஒட்டியவர்: ஜூலி தூசேயின் வெளியேற்றம்

தன்னையே கதையாக வரையும் காமிக்ஸின் வரலாற்றை அமெரிக்காவில் 1972இல், ஜஸ்டின் கிரீனிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கத்தோலிக்கக் குற்றவுணர்வில் புழுங்கும் ஒரு பையனின் கதை அது. அதே ஆண்டில் அலீன் கொமின்ஸ்கியும் பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு காமிக்ஸ் இதழில் தன்னைக் கோரமாக வரைந்து காட்டினார். முதல் பெயர் தலைப்புக்கும் இரண்டாவது பெயர் அடிக்குறிப்புக்கும் போனது ஒன்றும் தற்செயல் இல்லே.

ஜூலி தூசே அந்த அடிக்குறிப்புப் பரம்பரையில் வந்தவர். 1965இல் மான்ட்ரியாலில் பிறந்தார். ஆங்கிலம் கோலோச்சும் வட அமெரிக்காவுக்குள் பிரெஞ்சு பேசும் கியூபெக் ஒரு தனித்தீவு. பல்கலைக்கழகத்தில் அச்சுக்கலை படித்த தூசே, 1988 செப்டம்பரில் 'டர்ட்டி பிளாட்' என்ற சிற்றேட்டைத் தானே வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, பின் அடித்து வெளியிட ஆரம்பித்தார். பெயரின் முதல் சொல் ஆங்கிலம். அடுத்தது கியூபெக் கொச்சை. பெண்குறியைச் சுட்டும் சொல், பெண்ணையே திட்டவும் பயன்படுகிற சொல். எதிராளியின் வாயிலிருந்து வசவைப் பிடுங்கித் தன் அட்டையில் ஒட்டிக்கொள்வதன் அரசியலை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜெராக்ஸ் எந்திரம் இங்கே வெறும் தொழில்நுட்பம் அல்ல. பதிப்பாசிரியர், விநியோகஸ்தர், விளம்பரதாரர் என்று நடுவில் நிற்கிற எல்லோரையும் அது தாண்டிவிடுகிறது. 'இதை அச்சிட முடியாதும்மா' என்று சொல்ல ஆள் இல்லை. 'ஹெவி ஃப்ளோ' என்ற கதையில் மாதவிலக்கான தூசே பூதாகரமாக வளர்ந்து நகரத்துக்குள் இறங்குகிறார். தெருக்களில் ரத்தம் வெள்ளமாக ஓடுகிறது. பயந்து ஓடுவது ஊர். அவருக்கு வேண்டியது ஒரு டாம்பன், அவ்வளவுதான். ஆண்களின் ராட்சதப் படங்களைக் கவிழ்த்துப்போட்ட சிரிப்பு இது. இதைப் போய் 'ஒளிவுமறைவற்ற வாக்குமூலம்' என்று பாராட்டிய விமர்சனங்கள் விஷயத்தைத் தவறவிட்டன. வாக்குமூலம் என்றால் கேட்க ஒரு பாதிரியோ போலீஸோ வேண்டும். தூசேயின் 'நான்' யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கனவும் நடப்பும் ஒரே மையில் கலந்து கிடக்கும் இந்தத் தன்னிலையை முழுமையான ஒன்றாகத் தொகுக்கவும் முடியாது.

1991இல் மான்ட்ரியாலின் 'டிரான் அண்ட் குவார்ட்டர்லி' இதை முறையான காமிக்ஸ் இதழாக எடுத்துக்கொண்டது. 1998க்குள் 12 இதழ்கள் வந்தன. 1991இலேயே புதிய திறமைக்கான ஹார்வி விருது. அதே ஆண்டு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். காதலனோடு அங்கே வாழ்ந்த மாதங்கள்தான் 1999இல் நூலாக வந்த 'மை நியூயார்க் டைரி'. போதைப்பொருள், வலிப்பு நோய், அவருடைய பெயர் வெளியே தெரியத் தெரிய காதலனுக்கு ஏறும் பொறாமை. கட்டங்களைக் கவனிக்கணும்: காலி பாட்டில், குப்பை, துணிமணி என்று ஒரு அங்குலம் பாக்கியில்லாமல் பொருள்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மனுஷி நகர இடமில்லை. குடும்ப வன்முறை என்று ஒரு தலைப்பும் போடாமல், மூச்சுமுட்டலை வாசிப்பவர் மேலேயே ஏற்றிவிடுகிறது அந்த மை.

பிறகு சியாட்டில், பெர்லின், 1998இல் மீண்டும் மான்ட்ரியால். புகழ் உச்சத்திலிருந்த அந்தச் சமயத்தில்தான் காமிக்ஸை விட்டுவிட்டார். உழைப்பு அதிகம், காசு குறைவு, சுற்றிலும் ஆண்கள் கூட்டம் என்பதெல்லாம் அவரே சொன்ன காரணங்கள். அச்சுப் படங்கள், பழைய பத்திரிகைகளிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டிய பிரதிகள் என்று வேறு பக்கம் போனார். இதைச் 'சோர்வு' என்றோ 'இழப்பு' என்றோ எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன்னையே சரக்காக்கி வருஷம் தோறும் வெட்டிக் கொடு என்று கேட்கும் சந்தைக்கு 'முடியாது' என்றதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

விட்டுப்போனவரை அங்கீகாரம் துரத்திக்கொண்டு வந்த கதை தனி. பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழா 2016இல் தன் பெரும் பரிசுக்கு 30 பேரைப் பட்டியலிட்டது. ஒரு பெண்கூட இல்லை! பெண் படைப்பாளிகள் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். பட்டியலிலிருந்த ஆண்கள் பலரே பெயரை விலக்கிக்கொண்டார்கள். விதிகள் மாறின. 2022இல் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவருமே பெண்கள், பரிசு தூசேக்கு. 1974இல் தொடங்கிய விழாவில் பெரும் பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். 1983இல் கிளேர் பிரெத்தேஷேவுக்குத் தந்தது பெரும் பரிசு அல்ல, சிறப்புப் பரிசு என்று கணக்கில் சேர்ப்பதில்லை. கணக்குப் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு விதி கைவசம் இருக்கும்.

அதே 2022இல் 'டைம் ஸோன் ஜே' ஆங்கிலத்தில் வந்தது. இனித் தன்னை வரைவதில்லை என்றிருந்தவர், தன் சிற்றேட்டைப் படித்துக் கடிதம் எழுதிய பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவனோடு 1989இல் ஏற்பட்ட காதலைச் சொல்கிறார். பக்கத்தில் கட்டங்களே இல்லை. நெருக்கியடித்த முகங்களுக்கு நடுவே நரைத்த தூசே பேசிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு பக்கத்தையும் கீழிருந்து மேலாகப் படிக்கணும்.