பரண் மேல் இருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு

கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரை முதன்முதலில் உலகச் சந்தையில் வெற்றிகரமாக விற்றவர், சிறு வயதில் நம் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். பெயர் ஆடம் ஆஸ்போர்ன். 1939ல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் பக்தர். மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதியவர். மகன் பிற்பாடு இங்கிலாந்தில் படித்து, அமெரிக்காவில் குடியேறி, 1981ல் 'ஆஸ்போர்ன் 1' என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்த மாதம் நம் சங்கத்தின் ஏற்பாட்டில் மின்கழிவு வண்டி வரப்போகிறது. பல வீடுகளில் பரணில் கிடக்கும் லேப்டாப்கள் அன்று கீழே இறங்கும். அதற்கு முன் இந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், எதைப் போடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்வது சுலபம்.

ஆஸ்போர்ன் 1 இன்றைய லேப்டாப் மாதிரி இருக்காது. எடை சுமார் 11 கிலோ. தையல் மெஷின் பெட்டி போல ஒரு பெட்டி; அதன் மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. திரை 5 அங்குலம்தான். உள்ளே பேட்டரி கிடையாது. பிளக் பாயிண்ட் உள்ள இடத்துக்குத்தான் தூக்கிச் செல்ல வேண்டும். விலை 1,795 டாலர். கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க் ஆகிய மென்பொருள்களும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம் என்பதால் மக்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் 1983ல் கம்பெனி திவாலானது. ஆஸ்போர்ன் கடைசிக் காலத்தில் உடல்நலம் குன்றி இந்தியாவுக்கே திரும்பி, 2003ல் கொடைக்கானலில் காலமானார்.

1982ல் 'கிரிட் காம்பஸ்' வந்தது. திரையைக் கீபோர்டின் மேல் மடித்து மூடும் இன்றைய அமைப்பு இதில்தான் வந்தது. வடிவமைத்தவர் பில் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர். விலை 8,150 டாலர். சாமானியர் வாங்க முடியாது. அமெரிக்க ராணுவமும் நாசாவும் வாங்கின. விண்வெளி ஓடத்திலும் பறந்தது. ஆனால் அதற்கும் சொந்தமாகப் பேட்டரி இல்லை.

அடுத்த ஆண்டு, 1983ல், ரேடியோ ஷாக் கடைகளில் 'மாடல் 100' விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் கியோசெரா நிறுவனம் தயாரித்தது. எடை சுமார் 1.4 கிலோ. திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். அவ்வளவுதான். ஆனால் சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே பென்சில் செல் நான்கு போட்டால் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும். பத்திரிகை நிருபர்கள் இதைக் கொண்டாடினார்கள். சம்பவ இடத்திலேயே செய்தியை டைப் அடித்து, தொலைபேசி இணைப்பு வழியாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம். இதற்குள் இருந்த மென்பொருளில் ஒரு பகுதியை பில் கேட்ஸ் தாமே எழுதினார் என்பது கூடுதல் செய்தி.

இந்த மூன்றில் இன்றும் அன்றாட வேலைக்குப் பயன்படுவது மாடல் 100தான். பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் இதை எழுதுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். ஸ்விட்ச் போட்ட மறு விநாடி தயார். நடுவில் வாட்ஸ்அப் வந்து கூப்பிடாது. எழுதியதைக் கேபிள் போட்டு இன்றைய கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. நினைவகத்தைக் காப்பாற்ற உள்ளே பற்றவைத்திருக்கும் சின்ன பேட்டரி வயதானால் கசிந்து போர்டை அரித்துவிடும். தெரிந்தவர்கள் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவார்கள்.

அடுத்த முக்கியமான வருஷம் 1992. ஐபிஎம்மின் 'திங்க்பேட் 700சி' வந்தது. ஜப்பானியர்கள் மதிய உணவு கொண்டுபோகும் கறுப்புப் பெட்டியைப் பார்த்து ரிச்சர்ட் சாப்பர் வடிவமைத்தது. கீபோர்டின் நடுவில் மவுசுக்குப் பதிலாக ஒரு சிவப்புக் குமிழ். 1995ல் வந்த 701 மாடலில் மூடியைத் திறந்தால் கீபோர்டு பட்டாம்பூச்சிச் சிறகு போல இரு பக்கமும் விரியும். அதை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

அழகை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த வரிசை லேப்டாப்களில் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். ஹார்ட் டிஸ்க்கை ஓரிரு ஸ்க்ரூ எடுத்தால் மாற்றலாம். எந்த ஸ்க்ரூ எங்கே என்று சொல்லும் பராமரிப்புக் கையேட்டைக் கம்பெனியே எல்லோருக்கும் கொடுத்தது. 2011ல் வந்த எக்ஸ் 220, டி 420 மாடல்களைத் தேடிப் பிடித்து இன்றும் வேலை செய்பவர்கள் இருப்பதற்கு அதுவும், பழைய பாணிக் கீபோர்டும்தான் காரணம். சீனாவில் ஓர் ஆர்வலர் குழு, பழைய எக்ஸ் 61 உடலுக்குள் பொருந்தும்படி புதிய மதர்போர்டையே செய்து விற்றது!

எனவே இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எந்த மெஷின் பிழைத்திருக்கிறது என்பதை அதன் வேகமோ விலையோ தீர்மானிக்கவில்லை. கடையில் கிடைக்கும் செல்லும், ஸ்க்ரூ டிரைவருக்குத் திறக்கும் மூடியும்தான் தீர்மானித்தன.

வணிகவியல் படித்தவன் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம், ஒவ்வொரு ஆண்டும் மீதியுள்ள மதிப்பின் மீது. 50,000 ரூபாய் லேப்டாப் முதல் ஆண்டு முடிவில் 30,000. ஐந்தாம் ஆண்டு முடிவில் 3,888. ஏட்டில் அது தேய்ந்துகொண்டே போனாலும் பூஜ்யம் ஆவதே இல்லை. நாம்தான் பூஜ்யம் என்று முடிவு கட்டிப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

பல சமயம் அந்த முடிவையும் வேறு யாரோ நமக்காக எடுத்துவிடுகிறார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. நன்றாக ஓடும் பல லேப்டாப்கள் விண்டோஸ் 11ன் நிபந்தனைகளுக்குப் பொருந்தாது. என் மகன் 2012ல் வாங்கிய லேப்டாப்பை ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் புதிது வாங்கச் சொன்னார்கள். ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தை 8 ஜிபி ஆக்கி, இலவச லினக்ஸ் ஏற்றிக்கொடுத்தார்கள். நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கை இப்போது அதில்தான் எழுதுகிறேன்.

மின்கழிவு வண்டி வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை:

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது; தீப்பிடிக்கும். அதைத் தனியாக வண்டிக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்து, மெஷின் மெதுவாக மட்டும் இருந்தால் அது கழிவு அல்ல. எஸ்எஸ்டி மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். காலேஜ் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அது தாராளம். நம் வாட்ச்மேன் வீட்டிலும், வீட்டு வேலைக்கு வருபவர்கள் வீட்டிலும் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆதரவு முடிந்த பழைய விண்டோஸில் நெட் பேங்கிங் செய்யவே செய்யாதீர்கள். கவுண்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

எதைக் கொடுத்தாலும் முதலில் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை முழுவதுமாக அழித்துவிடுங்கள் அல்லது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆதார், பான் நகல்கள் இருக்கும். பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ வேறெங்கும் இல்லாமல் அதில் மட்டுமே இருக்கலாம்.

எப்படிப் பார்ப்பது என்று தெரியாதவர்கள், சனிக்கிழமை மாலை 5 மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு இருப்பேன்.