அடியைக் காப்பதா, தலையைக் காப்பதா?

ஐப்பசி அடைமழை நான்கு நாள் அடித்து ஓய்ந்த காலை. சென்னையில் எங்கள் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால், அடுத்தடுத்து இருந்த இரண்டு தொட்டிகளிலும் இலை பழுத்திருந்தது. ஒன்று அடினியம், குண்டு அடியோடு நிற்கும் பாலைவன ரோஜா. மற்றது ஊட்டியிலிருந்து வாங்கி வந்த எச்செவேரியா. இலைகளே பூவிதழ் போல வட்டமாக அடுக்கிய செடி. நர்சரியில் இரண்டையும் ‘சக்குலெண்ட்’ என்றுதான் விற்கிறார்கள். அதை நம்பி இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தேன்: மழைபடாத இடத்துக்கு மாற்றித் தண்ணீரை நிறுத்தினேன். பத்து நாளில் அடினியம் தேறிவிட்டது. எச்செவேரியாவைத் தொட்டதும் இலைகள் கொத்தாகக் கையோடு வந்தன. உள்ளே தண்டு கறுத்திருந்தது.

இரண்டும் தண்ணீரைச் சேர்த்துவைத்துப் பிழைக்கும் செடிகள்தான். ஆனால் பத்தாயம் இருக்கும் இடம் வேறு. அடினியம் தன் பருத்த அடித்தண்டில் சேர்க்கிறது. எச்செவேரியா இலையில் சேர்க்கிறது. ஆகவே நாடி பிடிக்கும் இடமும் வேறு.

முதலில் தாகம். அடினியத்தின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். காற்று இறங்கிய பந்துபோல எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுங்கி, தோல் சுருங்கி, நாற்றம் எதுவும் இல்லையென்றால் அது தாகம். நன்றாக ஒருமுறை நீர் விட்டால் சில நாட்களில் மீண்டும் கெட்டிப்படும். எச்செவேரியாவிலோ கீழ் இலைகள் மெலிந்து, நீளவாக்கில் சுருக்கம் விழும். அடியில் ஒன்றிரண்டு இலைகள் காகிதம்போல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது வயது, நோய் இல்லை.

அழுகலின் முகம் வேறு. அடினியத்தில் ஒரு பக்கம் மட்டும் விரலுக்குக் குழிந்து கொடுக்கும். கெட்டுப்போன சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிடித்த மாதிரி இருக்கும், ஈர நாற்றமும் வரும். எச்செவேரியாவின் இலை வெந்த வெங்காயம்போலக் கண்ணாடியாகி, மஞ்சளித்து, தொட்டாலே உதிரும். என் தொட்டியில் நான் தவறவிட்டது இதைத்தான். அடினியத்தில் இலை பழுத்திருந்தாலும் அடி கல்லாக இருந்தது. இலையை உதிர்த்துவிட்டு அது சமாளித்துக்கொண்டது. எச்செவேரியாவுக்கு இலைதான் பத்தாயம் என்பதால், அங்கே பழுப்பு தெரிந்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது.

பிறந்த ஊரைப் பார்த்தால் இன்னொரு வேறுபாடு புரியும். அடினியம் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக்கும் அரேபியாவுக்கும் உரியது. ஏமனின் ஏடன் நகரத்தின் பெயரே அதற்கு வந்தது. எச்செவேரியாவின் சொந்த நிலம் பெரும்பாலும் மெக்சிகோவின் மேட்டுப்பகுதி. அந்நாட்டுத் தாவர ஓவியர் அத்தனாசியோ எச்செவேரியாவின் பெயரை 1828இல் இதற்கு வைத்தார் தாவரவியலாளர் தெ கந்தோல். பகலில் நல்ல வெளிச்சம், இரவில் குளிர் என்பது அதற்குப் பழக்கம். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சுவிடும் செடி அது. சென்னையின் அக்னி நட்சத்திர இரவுகளில் புழுக்கம் இறங்குவதே இல்லை. அதனால் எச்செவேரியா வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. ‘வெயில் கொளுத்துகிறதே’ என்று இரக்கப்பட்டு அப்போது ஊற்றும் தண்ணீர்தான் அதைக் கொல்லும். அடினியத்துக்குச் சித்திரை வெயில் கொண்டாட்டம். மார்கழிக் குளிரில் அது இலை உதிர்த்து உறங்கினால், நோய் என்று பயந்து ஊற்றக் கூடாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் கதை தலைகீழ்: அங்கே எச்செவேரியா செழிக்கும், உறைபனியில் அடினியம் ஒடுங்கும்.

இலையில்லாத அடினியம் எல்லாம் உறங்கும் அடினியமும் இல்லை. பழுக்காமலே இலை காணாமல் போய், காம்பு மட்டும் நின்று, தொட்டி விளிம்பில் புழுக்கை கிடந்தால் அரளிப்பூச்சியின் பச்சைப் புழு வந்து போயிருக்கிறது. அரளியும் அடினியமும் ஒரே குடும்பம். எச்செவேரியாவைத் தேடி வருவது மாவுப்பூச்சி. இலைக்கக்கத்தில் வெள்ளைப் பஞ்சாகத் தெரியும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அதை மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும். இலைமீதுள்ள சாம்பல் பூச்சைத் துடைத்துவிடக் கூடாது. அது செடியின் சொந்தப் போர்வை.

அழுகல் வந்துவிட்டால் இரண்டுக்கும் கத்தி தேவை. ஆனால் கத்தி எதிரெதிர்த் திசையில் போகும். அடினியத்தில் மேலே அழுகினால் கீழே கீழே வெட்டிக்கொண்டு வந்து, பழுப்பில்லாத வெள்ளைச் சதை தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். காப்பாற்ற வேண்டியது அடியை. அடியிலேயே அழுகினாலும் கெட்டதைச் சுரண்டி எடுத்து, ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வேரோடு தொங்கவிட்டால் பல சமயம் மிச்சம் பிழைக்கும். அதன் பால் நஞ்சு; கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எச்செவேரியாவில் அழுகல் பெரும்பாலும் கீழிருந்து ஏறும். கறுப்புக்கு மேலே தண்டை வெட்ட வேண்டும். இங்கே காப்பாற்ற வேண்டியது தலையை. வெட்டுவாய் சில நாள் காய்ந்து தழும்பான பிறகு உலர்ந்த மண்மேல் உட்கார வைத்தால், சில வாரங்களில் வேர் விடும். முழுசாகக் கழன்ற நல்ல இலையைச் சும்மா மண்மேல் போட்டாலும் இளஞ்சிவப்பு வேரும் குட்டிச் செடியும் வரும்.

பிழைத்த பின் இரண்டுக்கும் ஒரே மண்தான்: செம்மண் கொஞ்சம், பெருமணலும் செங்கல் ஜல்லியும் நிறைய, அடியில் துளையுள்ள தொட்டி.

அந்த எச்செவேரியாவிலிருந்து உதிர்ந்த இலைகளில் கெடாத மூன்றை மண்மேல் போட்டேன். இரண்டு குட்டி போட்டன. நிறமும் வடிவமும் அச்சாகத் தாயே. அடுத்த ஆண்டு மழையில் அடினியத்துக்கு முறை வந்தது. மேல்பாகம் முழுதும் அழுக, அடியை மட்டும் காப்பாற்றினேன். பங்குனியில் துளிர்த்துப் பூத்தது. நான் வாங்கியது கருஞ்சிவப்பு அடுக்குப் பூ. வந்தது ஐந்து இதழ் ரோஸ் பூ. அழுகிப்போனது ஒட்டு. நான் காப்பாற்றியது, அதைச் சுமந்துகொண்டிருந்த நாட்டுச் செடியை.