டிஎச்ஐஎஸ்2

டிஎச்ஐஎஸ்2, வளரும் நாடுகளின் சுகாதாரத் துறைகள் தங்கள் தகவல்களைத் திரட்டி, அலசி, முடிவெடுக்கப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள். நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகம் அதன் உருவாக்கத்தை ஒருங்கிணைக்கிறது. ஆனால் அதன் முதல் பதிப்பு பிறந்த மண் தென்னாப்பிரிக்கா.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது அந்நாட்டில் இருந்தவை 14 சுகாதாரத் துறைகள். இனத்துக்கொரு நிர்வாகம், கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த ‘தாயகப்’ பகுதிகளுக்குத் தனி நிர்வாகம், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். குழந்தை என்றால் எந்த வயதுவரை என்பதில்கூட அவை ஒத்துப்போகவில்லை. எந்த ஊரில் தடுப்பூசி குறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லாமல் இருந்தது. மேற்கு கேப், ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுகாதாரப் பணியாளர்களோடு உட்கார்ந்து, அவசியம் எண்ண வேண்டியவை எவை என்று ஒரு குறுகிய பட்டியலை முதலில் முடிவு செய்தார்கள். அந்தப் பட்டியலைத் தாங்கவே மென்பொருள் எழுதப்பட்டது. இந்த வரிசைதான் முக்கியம். கணினியை முதலில் வாங்கிவிட்டு, எதைப் பதிவது என்று பிறகு தேடிய திட்டங்கள் பல நாடுகளில் முடங்கியிருக்கின்றன.

அதன் இரண்டாம் பதிப்பான டிஎச்ஐஎஸ்2, 2006இல் கேரளத்தில் முதன்முதலாகக் களம் இறங்கியது. 2011இல் கென்யா, நாடு முழுவதையும் ஒரே இணையச் சேவையகத்தில் இணைத்தது.

இலங்கையின் அனுபவம் இன்னும் ஆழமானது. கொழும்புப் பல்கலைக்கழகம் மருத்துவர்களுக்கே மருத்துவத் தகவலியலில் முதுகலைப் பயிற்சி தந்து வந்தது. அப்படிப் பயின்றவர்கள் சுகாதார அமைச்சிலேயே பணியில் இருந்தார்கள். 2020 ஜனவரியில் கொரோனா அச்சம் எழுந்ததும், வெளிநாட்டிலிருந்து வருவோரை விமான நிலையத்தில் பதிந்து, ஊர் சேர்ந்த பிறகும் கண்காணிக்க உதவும் தொகுப்பைச் சில நாட்களில் டிஎச்ஐஎஸ்2இல் அமைத்துவிட்டார்கள். வெளியாரை அழைத்து ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்த வேகம் கிடைத்திருக்காது.

குறைகளும் உண்டு. பல நாடுகளில் செவிலியர் காகிதப் பதிவேட்டை நிரப்பிவிட்டு அதையே மறுபடி கணினியிலும் ஏற்றுகிறார். நன்கொடை நிறுவனங்கள் தத்தம் திட்டத்துக்குத் தனி அறிக்கை கேட்பதால் சுமை ஏறுகிறது. அனுப்பிய எண்களிலிருந்து அவருடைய நிலையத்துக்குப் பயனுள்ள ஒரு வரைபடமாவது திரும்பி வந்தால்தான் பதிவு உண்மையாக இருக்கும். தலைநகரங்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகின்றன.

இலங்கையின் தொகுப்பைத் தொடர்ந்து பல நாடுகள் டிஎச்ஐஎஸ்2இல் கொரோனா கண்காணிப்பை அமைத்தன. நார்வேயின் உள்ளாட்சிகளும் தொற்றுத் தொடர்புகளைத் தேட இதே மென்பொருளைப் பயன்படுத்தின.