சொந்த வெப்சைட்டுக்கு 'லுக்' தேடுகிறீர்களா? எழுத்துருவில் இருந்து தொடங்குங்கள்

வேலை தேடும்போதும், ஃப்ரீலான்ஸ் ப்ராஜெக்ட் பேசும்போதும் "உங்க ஒர்க்கைப் பார்க்கலாமா?" என்று கேட்பவருக்கு அனுப்ப ஒரு லிங்க் வேண்டும். அதற்காக வெப்சைட் தொடங்கும் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் டிசைன். டெம்ப்ளேட் எடுத்தால் எல்லார் சைட் மாதிரியும் இருக்கு. சொந்தமா பண்ணலாம்னா எங்க ஆரம்பிக்கிறதுனு தெரியலை.

பெங்களூரு ஸ்ரீராம்புரம் போல, வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் ஆங்கிலம் என்று நாள் நகரும் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பக்கத்தின் மேலே எந்த மொழி வரணும்?

எந்த எழுத்து முதலில்?

இது சின்ன விஷயம் இல்லை. ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையம் 2014 மார்ச்சில் திறந்தது. 2017-இல் மெட்ரோ பலகைகளில் இந்தி இருப்பதை எதிர்த்துப் பெங்களூருவில் போராட்டம் நடந்து, பிறகு இந்தி நீக்கப்பட்டது. 2024-இல் கர்நாடக அரசு சட்டத்தைத் திருத்தி, கடை, நிறுவனப் பெயர்ப்பலகைகளில் 60% கன்னடம் இருப்பதைக் கட்டாயமாக்கியது. பொது இடத்தில் எந்த எழுத்து, எவ்வளவு பெரிதாக என்பதைச் சட்டமும் அரசியலும் முடிவு செய்கின்றன. உங்க சைட்டில் அந்த முடிவு உங்க கையில்.

படிக்கப்போவது யார் என்று பாருங்கள். ரெக்ரூட்டர் என்றால் விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பெயரை மட்டும் தமிழில் பெரிதாக வையுங்கள். அதுவே லோகோ ஆகிவிடும். தமிழில் எழுதுபவர் என்றால் தமிழே மேலே வரட்டும்.

மூன்று மொழிக்கும் பொருந்தும் ஃபான்ட் உண்டா?

1995-இல் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிய காலத்தில் யூனிகோட் பரவலாகவில்லை. அன்றைய தமிழ்ப் பக்கங்களைப் படிக்க, அதற்கான ஃபான்டை வாசகர் தன் கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. இன்று சைட்டோடு சேர்ந்தே ஃபான்ட் வந்துவிடுகிறது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே குணத்தோடு இருக்கும் இலவசக் குடும்பங்கள் இவை:

• அனெக்: தடிமன், அகலம் இரண்டையும் கூட்டிக் குறைக்கலாம். தலைப்பு முதல் பாடி டெக்ஸ்ட் வரை இதுவே போதும்.
• பலூ: உருண்டையான, கனமான எழுத்து. தமிழுக்கு 'பலூ தம்பி', கன்னடத்துக்கு 'பலூ தம்ம'. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
• நோட்டோ: சான்ஸ், செரிஃப் இரண்டும் உண்டு. நீளமான கட்டுரைகளுக்கு ஏற்றது.

இரண்டு ஃபான்டுக்கு மேல் வேண்டாம்.

டெம்ப்ளேட் தமிழில் ஏன் உடைகிறது?

பெரும்பாலான டெம்ப்ளேட்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

• தமிழில் கேபிடல் எழுத்து கிடையாது. கேபிடலை நம்பி அமைத்த மெனுவும் தலைப்பும் தமிழில் தனித்துத் தெரியாது. அளவையும் தடிமனையும் வைத்து வேறுபடுத்துங்கள்.
• பல தமிழ் ஃபான்ட்களில் இட்டாலிக் இல்லை. பிரவுசர் எழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துவிடும். படிக்கவே கஷ்டமா இருக்கும்.
• ஆங்கிலத்தில் 7 எழுத்தில் முடியும் 'காண்டாக்ட்' பட்டன், 'தொடர்புகொள்ளுங்கள்' ஆனால் 10 எழுத்து. அகலமும் அதிகம். பட்டனின் அகலத்தை ஃபிக்ஸ் பண்ணாதீங்க.
• 'கீ' மேலே ஏறும், 'ழு' கீழே இறங்கும். வரி இடைவெளி எழுத்தின் அளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வரை வைத்துப் பாருங்கள்.

கலரை எங்கே தேடுவது?

உங்களுக்குப் பிடித்த 10 பொருள்களை போட்டோ எடுங்கள். கல்யாணப் பத்திரிகை, பழைய கேசட் அட்டை, கடைப் பலகை, பஸ் டிக்கெட் எதுவானாலும் சரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த நிறமும் வடிவமும் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரியும். அதிலிருந்து பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, லிங்குக்கு ஒன்று என மூன்று நிறங்கள் எடுத்தால் போதும். ஓர் ஓவியர் கையால் வரைந்த எழுத்தை அப்படியே எடுப்பதாக இருந்தால், அவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் போடுங்கள்.

அழகான நிறம் படிக்கக்கூடியதாகவும் இருக்கணும். இணைய அணுகல் வழிகாட்டுதலின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் நிறம் 4.48:1, ஃபெயில். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத #767676 பாஸ். இதைச் சரிபார்க்க இலவச டூல்கள் இருக்கின்றன.

பப்ளிஷ் செய்யும் முன்...

'லாரம் இப்சம்' வைத்து டிசைனை முடிவு செய்யாதீங்க. உங்க உண்மையான அறிமுகப் பத்தி, ஒரு ப்ராஜெக்ட், நீளமான ஒரு தலைப்பு ஆகியவற்றை முதலில் எழுதிப் போடுங்கள். பிறகு வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனில், மதிய வெயிலில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறதா, உங்க பெயர் முதலில் தெரிகிறதா? இரண்டுக்கும் 'ஆமா' என்றால் லிங்கை அனுப்பலாம். மத்ததை அடுத்தடுத்த மாசங்களில் மாத்திக்கலாம்.