பழைய வீட்டு வயரிங்கை மாற்றணுமா? பணம் எங்கே போகும்?

எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் 'பாயின்ட்' கணக்கில்தான் ரேட் சொல்வார். லைட், ஃபேன், பிளக் ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட். அது கூலி மட்டுமா, வயர், சுவிட்சும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுடுங்க.

சுவருக்குள் இருக்கும் பைப் அடைக்காமல் இருந்தால், பழைய வயரோடு புதுசைக் கட்டி இழுத்துவிடலாம். அடைத்திருந்தால் சுவரை வெட்டணும். பிறகு பூச்சு, பெயின்ட். பட்ஜெட் எகிறுவது இங்கேதான்.

லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 என்பது வழக்கம். செம்பு விலை ஏறினால் வயரும் ஏறும். அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. அதுக்காக ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத வயர் பக்கம் போகாதீங்க.

மிச்சம் பிடிக்கப் பலரும் கைவைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-யில். 'அதான் எம்சிபி இருக்கே' என்பார்கள். எம்சிபி ஓவர்லோடிலும் ஷார்ட் சர்க்யூட்டிலும் வயரைக் காக்கும். ஷாக் அடித்தால் ஆளைக் காப்பது ஆர்சிசிபி. எர்த் இல்லாத ரெண்டு பின் பிளக் இருந்தால், எர்த் வயரையும் இதே கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்க.

ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, ட்ரிப் ஆகுதான்னு பார்த்துட்டு மீதிப் பணத்தைக் கொடுங்க.