கேட்டதைத் திரும்பச் சொல்லுதல்

நீந்தப் பழகுகிறவனுக்குக் கரையோரத்தில் ஆழமில்லாத நீர் உண்டு. சைக்கிள் பழகுகிறவன் விழுந்தால் முழங்காலில் சிராய்ப்போடு போய்விடும். விமானம் ஓட்டப் பழகுகிறவனுக்கோ வானத்தில் ஆழமில்லாத இடம் என்று ஒன்றில்லை. ஆகவே, தரையில் இருந்தபடியே வானத்தைக் கற்பிப்பது எங்ஙனம் என்னும் கேள்வி பிறந்தது. அதற்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாற்றையும், அவை இன்று இளைஞர் பலருக்கு வீட்டு விளையாட்டாய் வந்து சேர்ந்திருப்பதையும் குறித்து உங்களோடு சிறிது நேரம் பேச விழைகிறேன்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் வாழ்ந்தார். அவர் தந்தையார் பியானோ, ஆர்கன் ஆகிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தார். ஆர்கன் காற்றினால் ஒலிப்பது. துருத்தியே அதற்கு உயிர். அந்தத் துருத்திகளைக் கொண்டு லிங்க் ஒரு சிறு விமானக் கூட்டை அமைத்தார். உள்ளே அமர்ந்தவன் பிடியை அசைத்தால், துருத்திகள் விரிந்தும் சுருங்கியும் அக்கூட்டைச் சாய்க்கும், நிமிர்த்தும். 1929ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆனால் விமான உலகம் இதனைப் பெரிதாக மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே இதனை விரும்பி வாங்கின.

1934ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அவ்வாண்டின் குளிர்காலத்தில், விமானத் தபாலைச் சுமக்கும் பணி அமெரிக்க இராணுவ விமானப் பிரிவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. கண்ணால் நிலத்தைப் பார்த்து ஓட்டியே பழகியவர்கள், பனிமூட்டத்திலும் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க நேர்ந்தது. சில வாரங்களுக்குள் பல விமானிகள் மாண்டனர். அதன் பின்னரே இராணுவத்தார் லிங்க்கின் கூடுகளில் ஆறினை வாங்கினர். இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் அத்தகைய கூடுகள் 10,000க்கும் மேலாகச் செய்யப்பட்டன.

அந்தப் பயிற்சியில் ஆசிரியனாகிய என் கருத்தைக் கவர்ந்தது கூடு அன்று. அதன் அருகில் இருந்த மேசையே. மாணவன் மூடிய கூட்டினுள் இருப்பான். வெளியே ஒன்றும் தெரியாது. ஆசிரியர் மேசையருகே அமர்ந்திருப்பார். மேசைமேல் விரித்த வரைபடத்தில், சிறு சக்கரங்கள் பூண்ட எழுதுகருவி ஒன்று நகர்ந்து, மாணவன் ‘பறந்த’ வழியைக் கோடாக இழுத்துக் காட்டும். ஆசிரியர் தரை நிலையத்தார் பேசுவது போல ஒலிவாங்கியில் பேசுவார். மாணவன் காதில் அது கேட்கும். ஆக, விமானியைப் பயிற்றும் அறையிலேயே, விமானியை வழிநடத்தும் குரலும் இடம்பெற்றுவிட்டது.

அந்தக் குரலின் வரலாற்றையும் சிறிது காண்போம். இலண்டனை அடுத்த குராய்டன் விமான நிலையத்தில் 1920இலேயே கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்று அமைந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1929இல், ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலியும் குடையும் ஏற்றிக்கொண்டு ஓடுபாதையோரம் சென்று அமர்வார். செங்கொடி காட்டினால் ‘நில்’ என்பது பொருள்; கட்டம் போட்ட கொடி காட்டினால் ‘செல்’ என்பது பொருள். விமானங்கள் பெருகவே கொடி போதவில்லை. வானொலிக் குரல் அதன் இடத்தைப் பற்றியது.

குரலோடு புதியதோர் இடரும் வந்தது. கொடியில் இருந்தவை இரண்டே செய்திகள். சொற்களோ எண்ணற்றவை, அவற்றைத் தவறாகக் கேட்கவும் கூடும். ஆகவேதான் விமான உலகம் சொற்களைச் செதுக்கத் தொடங்கியது. ஆங்கில எழுத்துகளை ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்று சொல்லும் முறை 1956இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்பதைக் குறிக்கும் ‘நைன்’ என்னும் சொல், ஐந்தைக் குறிக்கும் ‘ஃபைவ்’ என்பதோடு மயங்காதிருக்க ‘நைனர்’ ஆயிற்று. எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு விதி அமைந்தது: உயரம், ஓடுபாதை, அடையாள எண் ஆகியவற்றைக் கேட்ட விமானி, கேட்டதை அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும்; சொன்னவர் அதனைக் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இவ்விதியை இத்துணைக் கண்டிப்பாக ஏன் போற்றுகின்றனர் என்பதற்கு ஒரு துயர வரலாறு சான்று கூறும். 1977 மார்ச் 27ஆம் நாள், கானரித் தீவுகளில் ஒன்றாகிய டெனரீஃபில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. டச்சு விமானம் ஒன்றும் அமெரிக்க விமானம் ஒன்றும் ஒரே ஓடுபாதையில் இருந்தன. இரண்டும் போயிங் 747 வகையின. டச்சு விமானத்துக்கு, வானில் ஏறியபின் செல்ல வேண்டிய வழி மட்டுமே சொல்லப்பட்டது; புறப்பட அனுமதி தரப்படவில்லை. துணை விமானி வழியைத் திரும்பச் சொல்லி, இருபொருள் படும்படி ஒரு தொடரையும் கூட்டிச் சொன்னார். புறப்படும் இடத்தில் நிற்கிறார்கள் என்று கோபுரத்தில் இருந்தவர் அதனைக் கொண்டார். அவர் ‘சரி’ என்று தொடங்கிக் காத்திருக்குமாறு சொன்னார். அதே நொடியில் அமெரிக்க விமானத்தின் குரலும் எழவே, இரண்டும் மோதிச் சீழ்க்கை போன்ற ஒலியாயின. டச்சு விமானத்தில் தெளிவாகக் கேட்டது ‘சரி’ என்னும் சொல் ஒன்றே. அது முன்னரே ஓடத் தொடங்கிவிட்டது. 583 பேர் மாண்டனர்.

அதன் பின்னர், ‘டேக் ஆஃப்’ என்னும் சொல்லைப் புறப்படும் அனுமதியைத் தரும்போதும் அதனை நீக்கும்போதுமே ஆள வேண்டும் என்று வரையறுத்தனர். ‘சரி’, ‘புரிந்தது’ என்னும் மறுமொழிகள் போதா என்பதும் வலியுறுத்தப்பட்டது.

இனி வீட்டிற்கு வருவோம். 1982இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வீட்டுக் கணிப்பொறிக்கான விமான விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. லிங்க்கின் கூடு, துருத்தியின்றி மேசைமேல் வந்து அமர்ந்தது எனலாம். ஆயினும் அந்த வானத்தில் ஓட்டுபவன் தனியன். 1990களில் இணையம் பரவியபோது, ஒருவர் வானத்தில் பலர் பறக்கலாயினர். சிலர் பறப்பதை விட்டுக் கட்டுப்பாட்டாளராக அமரவும் முன்வந்தனர். இவ்வகையில் 2001இல் தோன்றிய வாட்சிம் என்னும் அமைப்பு இன்று உலகெங்கும் உறுப்பினரைக் கொண்டது. கட்டணம் இல்லை, 13 வயது நிறைந்தவர் சேரலாம். கட்டுப்பாட்டாளர் ஆக விரும்புவோர் பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். முதலில் தரையிலுள்ள விமானங்களுக்கு வழி சொல்வர், பின்பு கோபுரம், பின்பு விமான நிலையத்தைச் சூழ்ந்த வான்பகுதி, அதன் பின்னரே நெடுவழி. இங்குப் பெறும் தேர்ச்சியைக் கொண்டு மெய்யான கோபுரத்தில் அமர இயலாது. ஆயினும் பேசும் சொற்கள் மெய்யான கோபுரத்தின் சொற்களே.

என் பழைய மாணவர் ஒருவர், பகலில் வங்கிப் பணி புரிந்து, மாலையில் இவ்வாறு புதியவர்களைப் பயிற்றி வருகிறார். ஒருநாள் அவர் இல்லத்தில் அருகிருந்து பார்த்தேன். பயிற்சிக்கென்றே தனியாக அமைந்த வானம் அது. அதனை அவர்கள் ‘வியர்வைப் பெட்டி’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அழைக்கின்றனர். வேற்றூரில் ஒரு கல்லூரி மாணவன் கட்டுப்பாட்டாளனாக அமர்ந்திருந்தான். விமானிகள் அனைவருக்கும் என் மாணவரே குரல் கொடுத்தார். அந்த இளைஞன் ஒரு விமானத்துக்கு 4231 என்னும் அடையாள எண்ணைத் தந்தான். என் மாணவர் வேண்டுமென்றே 4213 என்று திரும்பச் சொன்னார். இளைஞன் தயங்காமல் ‘சரி’ என்றான். அவர் கடிந்துகொள்ளவில்லை. “இப்போது நான் என்ன சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார். இளைஞனால் சொல்ல இயலவில்லை. தான் சொன்னதையே அவன் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தான். எதிரே வந்த குரலைக் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து வேறொரு பிழையை இடையில் வைத்தார், அதுவும் தப்பியது. மூன்றாவது முறை, உயரத்தை மாற்றிச் சொன்னபோது, இளைஞன் உடனே தடுத்துத் திருத்தினான். அவன் குரலில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது.

எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நின்றவன் நான். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் “புரிந்ததா?” என்று கேட்பேன், “புரிந்தது, ஐயா” என்று நாற்பது குரல்கள் ஒருங்கே எழும். அதனை நம்பி அடுத்த பாடத்திற்குச் சென்றேன். ஆசிரியப் பயிற்சியில் வினா எழுப்பும் கலையை எங்களுக்குக் கற்பித்தார்கள். நானும் அதில் தேர்ந்தேன். ஆனால் விடையாக வந்த அந்த ஒற்றைச் சொல்லை எத்தனை முறை சரிபார்த்தேன்?

மறுமுறை சந்தித்தபோது அதை என் மாணவரிடமே கேட்டேன். “அந்நாளில் நான் நடத்தியது உங்களுக்கெல்லாம் புரிந்ததா?” என்றேன். அவர் சிறிது தயங்கினார். பின்பு, “பல நாள் புரியவில்லை, ஐயா. ஆனால் புரிந்தது என்றுதான் சொன்னோம்” என்றார். வருத்தப்படும்படியாக அவர் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

மாணவ நண்பர்களே, ஓடுபாதைகளில் உயிர்களைக் கொடுத்து உலகம் கற்ற பாடம் இது. உங்களுக்கு ஒன்றைக் கற்பிப்பவரிடம் ‘புரிந்தது’ என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். புரிந்தது எது என்பதை உங்கள் வாயால் திரும்பச் சொல்லுங்கள். அது பிழையாயிருப்பின் திருத்த ஒருவர் எதிரில் இருக்கிறார். நாளை உங்களில் பலர் ஆசிரியராகவும், மருத்துவராகவும், மேலாளராகவும் அமர்வீர்கள். அன்று உங்களிடம் ஒருவர் ‘சரி’ என்று சொல்லும்போது, அந்த இளைஞனிடம் என் மாணவர் கேட்ட கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அதைக் காலங்கடந்து கற்றேன்; உங்களுக்குக் காலம் இருக்கிறது.