மினி காரும் கடுகண்ணாவ இறக்கமும்



போன கிழமை மஃரிபுக்குப் பிறகு பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். புதிதாக வாங்கிய பழைய நிஸான் மார்ச் காரைக் காட்டத்தான் வந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இன்றைய விலைவாசியில் அவருடைய சம்பளத்துக்கு அதற்கு மேல் ஆசைப்படவும் முடியாது.

"சேர், ஸ்பிரிங்கை வெட்டிக் கொஞ்சம் பதிக்கப் போறன். பெரிய சைலன்சர் ஒன்று, எயார் ஃபில்டர் ஒன்று. பிறகு எஞ்சினில கொஞ்சம் கை வைக்கலாம் என்று யோசிக்கிறன். செலவு குறைவு" என்றார்.

"பிரேக்?" என்று கேட்டேன்.

"பிரேக் பிடிக்குது தானே சேர்" என்றார்.

அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எங்கள் ஊரில் இப்படிக் கார் வைத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுடைய வாப்பாமாரும் இதை வாசிக்க வேண்டும்.

சிறிய காரைக் குறைந்த செலவில் வேகமாக்கும் ஆசை இன்று வந்த ஒன்றல்ல. அதற்கு 60 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் நாயகன் மினி. ஸ்ரீ இலக்கத் தகட்டோடு கண்டித் தெருக்களில் ஓடிய அந்தச் சின்னப் பெட்டியை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2022இல் நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம். கியூஆர் கோட் வந்த பிறகு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்தது. மினியும் அப்படியொரு பெற்றோல் பஞ்சத்தில் பிறந்த கார்தான். 1956இல் எகிப்து சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியது. அதைத் தொடர்ந்த போரில் கால்வாய் அடைபட, பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தது. குறைந்த பெற்றோலில் நான்கு பேரை ஏற்றிச் செல்லும் உண்மையான கார் ஒன்று வேண்டும் என்று பிஎம்சி நிறுவனத்தின் தலைவர் லெனர்ட் லோர்ட் கேட்டார். புதிய எஞ்சின் செய்ய நேரமில்லை, இருக்கும் எஞ்சின்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த வேலையைச் செய்தவர் அலெக் இஸிகோனிஸ். உதுமானியப் பேரரசின் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில், 1906இல் பிறந்தவர். அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை அதன் அடியிலேயே எண்ணெய்த் தொட்டிக்குள் அடக்கி, முன் சில்லுகளை ஓடச் செய்தார். சில்லுகளோ வெறும் 10 அங்குலம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த இறப்பர் கூம்புகள். காரின் மொத்த நீளம் 10 அடி. 1959 ஆகஸ்ட் 26ஆம் திகதி அது உலகத்துக்கு அறிமுகமானது. இன்று எங்கள் வீதியில் ஓடும் மார்ச், விட்ஸ், அல்டோ எல்லாமே குறுக்கு எஞ்சினும் முன்சில்லு இழுவையும் கொண்டவைதான். ஒரு வகையில் அவை மினியின் பேரப்பிள்ளைகள்.

அந்த மாணவருக்கு நான் அழுத்திச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. மினியின் முதல் மாதிரிகளில் 948 சிசி எஞ்சின்தான் இருந்தது. அவை மணிக்கு 90 மைலைத் தொட்டன. சாதாரண ஓட்டுநர் கையாள இது கூடுதலான வேகம் என்று பார்த்து, தொழிற்சாலையே எஞ்சினை 848 சிசியாகக் குறைத்தது. வலு 34 குதிரைவலுவாக இறங்கியது. வலு இருந்தும் வேண்டாம் என்று எடுத்து வைத்தார்கள்.

பிறகு வந்தவர் ஜோன் கூப்பர். 1959இலும் 1960இலும் ஃபோர்முலா வன் சம்பியன் பட்டம் வென்ற கார்களைக் கட்டியவர். மினியைப் பந்தயத்துக்கு ஏற்றதாக்கலாம் என்று அவர் சொன்னபோது இஸிகோனிஸ் முதலில் அவ்வளவாக விரும்பவில்லை. ஆனாலும் 1961இல் மினி கூப்பர் வந்தது. எஞ்சின் 997 சிசி, இரட்டைக் காபரேட்டர், 55 குதிரைவலு. எங்கள் மாணவரின் மார்ச் எஞ்சினும் அதே 997 சிசிதான். வலுவும் கிட்டத்தட்ட அவ்வளவே.

கூப்பர் என்றதும் இரட்டைக் காபரேட்டரைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்தக் காரில் அதே நாளில் வந்த இன்னொரு மாற்றத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முன் சில்லுகளில் ட்ரம் பிரேக்கைக் கழற்றி, டிஸ்க் பிரேக் பூட்டினார்கள். 7 அங்குல டிஸ்க். அதுவும் போதாது என்று குறை வந்தது. 1963இல் கூப்பர் எஸ் வந்தபோது எஞ்சின் 1071 சிசியாகவும் 70 குதிரைவலுவாகவும் உயர்ந்தது. பிரேக்கும் பெரிதாகி, உதவிக்கு சேர்வோவும் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் வலு ஒரு படி ஏறினால், பிரேக்கும் ஒரு படி ஏறியது.

அந்தக் கூப்பர் எஸ்தான் 1964 மொன்டே கார்லோ ரலியில் பெடி ஹொப்கர்க்கின் கையில் வென்றது. இரண்டாவதாக வந்தது வீ8 எஞ்சின் பூட்டிய ஃபோர்ட் ஃபல்கன். சிறிய எஞ்சினுக்குச் சலுகை கொடுத்த புள்ளிக் கணக்கும் மினிக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனாலும் பனி மூடிய மலைப்பாதையில் அந்தச் சின்னக் காரின் பாரக் குறைவும், முன்சில்லுகளின் பிடிமானமும், நம்பிக்கையான பிரேக்கும் இல்லாமல் அந்த வெற்றி வந்திருக்காது. 1965இலும் 1967இலும் அதே ரலியை மினி மீண்டும் வென்றது.

இலங்கையில் 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியோடு கார் இறக்குமதி இறுகியது. 1977 வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. இருந்த கார்களைக் காப்பாற்றியது கராஜ் பாஸ்மாரின் கைதான். கிடைக்காத பாகத்தைக் கடைந்து செய்தார்கள், வேறு காரினுடையதைப் பொருத்தினார்கள். நுவரெலியாவில் 1934இலேயே தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் போன்றவற்றைப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் காரையும் அப்படி ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட இளைஞர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் என் வாப்பா.

1980களின் தொடக்கத்தில் வாப்பாவிடம் ஒரு பழைய மினி இருந்தது. கண்டியில் ஒரு கராஜில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிச் சீவி, அமுக்கத்தைக் கூட்டினார்கள். எங்கேயோ தேடி இரட்டைக் காபரேட்டரும் பூட்டினார்கள். கார் பறந்ததாம். கொழும்பிலிருந்து வரும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் பெரிய கார்களை முந்தியதை வாப்பா இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். இறக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

நான்கு சில்லிலும் பழைய ட்ரம் பிரேக். அதில் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. ஒரு நாள் மாவனல்லைப் பக்கம் இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து ட்ரம் சூடேறிவிட்டது. கருகிய வாசனை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது கார் நிற்கவில்லை. வெளிப்பக்கம் பள்ளம், உள்பக்கம் மலை. வாப்பா மலைப் பக்கம் திருப்பினார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. ஆனால் அவருடைய இடது முழங்கை அன்றிலிருந்து முழுதாக நீளாது. தொழுகையில் ருகூஃவுக்குக் குனியும்போது அந்தக் கை சரியாக முழங்காலை எட்டாது. சிறுவயதில் பக்கத்தில் நின்று தொழுத எனக்கு, எல்லா வாப்பாமாரும் அப்படித்தான் தொழுவார்கள் என்றே தோன்றியது.

இதில் வகுப்பறைப் பாடம் ஒன்று இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்தவர் 56இல் வந்தாலே சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. அத்தனையையும் பிரேக் வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். மூடிய ட்ரம்முக்குள் வெப்பம் தங்கிவிடும். திறந்த டிஸ்க்கில் காற்றுப்பட்டு ஆறும். சாதாரண மினிகள் எல்லாவற்றுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது 1984இல்தான். வாப்பாவுக்கு அது பிந்திவிட்டது.

ஆகவே தம்பிமாருக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது.

முதலில் நிற்க வழி செய்யுங்கள். நல்ல பிரேக் பேட், பின் சில்லின் ட்ரம் ஷூ, புது பிரேக் எண்ணெய். அந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் சூட்டில் கொதித்து மிதி வெறுமையாகிவிடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அடுத்தது டயர், ஷொக் எப்சோபர், தேய்ந்த புஷ், சில்லு எலைன்மென்ட். அதற்குப் பிறகு எஞ்சினை அதன் பிறந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள். பிளக், ஃபில்டர், அமுக்கச் சோதனை. பழைய கார் இழந்த வலுவில் பெரும்பகுதி இங்கேயே திரும்பி வரும். டிக்கியில் கிடக்கும் தேவையில்லாத பாரத்தை இறக்குங்கள், அதற்குச் செலவே இல்லை. புது வலுவைப் பற்றி யோசிப்பது இவ்வளவுக்கும் பிறகுதான்.

ஸ்பிரிங்கை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் தன் இடத்தில் ஒழுங்காக அமராது. வெற்றுச் சத்தம் போடும் சைலன்சர் வேகம் தராது, நோயாளியின் தூக்கத்தைத்தான் கெடுக்கும். எஞ்சினையே மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவையும் மாற்ற வேண்டும். காப்புறுதியையும் கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே ஓடிப் பார்க்க ஆசையா? பந்தயக் களங்களில் மார்ச் கார்களுக்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. ஹெல்மட் உண்டு, அம்பியுலன்ஸ் உண்டு, எதிரே பாடசாலை வேன் வராது.

வாப்பாமாரே, பிள்ளை காருக்குப் பணம் கேட்டால் உடனே ஏசாதீர்கள். "பிரேக்குக்கு நான் தாறன்" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த மாணவர் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். கார் ஜாக்கியில் நிற்கிறது, முன் சில்லு கழற்றியிருக்கிறது, பக்கத்தில் புது பேட் பெட்டி. படத்தை வாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பின் ட்ரம்மையும் ஒருக்கா கழட்டிப் பார்க்கச் சொல்லு" என்றார்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளைப் பாதைகளில் பாதுகாப்பானாக. ஆமீன்.